நாயனத்துக்கு ஒரு நீதி, வானலைக்கு ஒரு நீதி

தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து கிளம்பும் வெள்ளி ரதம் டத்தோ கிராமாட் சாலைக்குள் நுழையும்போது, கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வந்து சேரும். நாயனமும் தவிலும் ரதத்துக்கு முன்னால் நடந்து வரும். சாலையோரம் தேங்காயைக் குவித்து வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் யாரும் சங்கீத வித்துவான்கள் இல்லை. ஆனாலும் சீவாளி காய்ந்து பிசிறடித்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். தவில்காரர் கை ஓய்ந்தாலும் தெரிந்துவிடும். கல்யாணம், கோயில், ஊர்வலம் என்று சிறுவயதிலிருந்தே கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது.

அதே சாலைக்கு மேலே, கேட்கும் கருவி உள்ளவருக்கு மட்டும் கேட்கும்படி, இன்னொரு கூட்டம் தினமும் இரவு எட்டு மணிக்குக் கூடுகிறது. 14.320 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தென்கிழக்காசியாவின் ஹாம் வானொலிக்காரர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் நேரம் அது. 'சீநெட்' என்ற பெயரில் 1964-இல் தொடங்கிய சந்திப்பு. அதன் முதல் மாநாடு 1971-இல் கூடியது பினாங்கில்தான். எட்டு மணி என்பது நம் வீடுகளில் நாடக நேரமும்கூட. மாமியார் ஒருத்தி மூன்று கேமரா கோணங்களில் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில், கூரைக்கு மேலே ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் நலம் விசாரித்துக்கொள்கின்றன.

நாயனத்தையும் வானலையையும் திரை எப்படிக் காட்டியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. திரை ஒரு கலையைச் சரியாகக் காட்டுவதும் கோட்டைவிடுவதும் இயக்குநரின் நேர்மையைப் பொறுத்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்ததே அது. பிடிபடுவோம் என்ற பயம் உள்ள இடத்தில் திரை ஒழுங்காக நடந்துகொள்ளும்.

நாயனத்தின் பக்கம் முதலில். 'தில்லானா மோகனாம்பாள்' 1968-இல் வந்தது. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக எடுத்தார். கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரத்தின் வாசிப்பாக நாம் கேட்பது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. அதைச் சிவாஜி கணேசனே வாசித்ததாக இன்றும் சத்தியம் செய்யத் தயாராக இருக்கும் பெரியவர்கள் பினாங்கிலும் உண்டு. காரணம் விரல் மட்டும் அல்ல. நாதஸ்வரத்தில் பாதி வேலை உதட்டிலும் மூச்சிலும் நடக்கிறது. ஒரே துளையை மூடியிருக்கும்போதே ஊதும் அழுத்தத்தை மாற்றிச் சுரத்தை ஏற்றி இறக்க முடியும். அதனால் விரலை மட்டும் பழகிக்கொண்ட நடிகர் மாட்டிக்கொள்வார். சிவாஜி கன்னத்தையும் கழுத்தையும் பழகியிருந்தார். நீண்ட பிடி ஒன்று முடியும்போது தோள் லேசாகத் தளர்வது, பக்க வாத்தியக்காரரின் முகத்தைப் பார்த்து அடுத்ததைத் தொடங்குவது, இவையெல்லாம் மேடையோரம் உட்கார்ந்து பார்த்தவரின் கவனிப்பு. தவிலோடு உட்கார்ந்த டி.எஸ்.பாலையாவின் தலையாட்டலைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இதற்கு ஆறு வருடம் முன்பே, 1962-இல், 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் ஒன்றையொன்று துரத்தின. ஊர் முழுக்க அருணாசலத்தின் கச்சேரி கேட்டிருந்த காலம். வேறு யாரையாவது வாசிக்க வைத்து ஒப்பேற்றியிருக்க முடியாது. 2019-இல் ராஜீவ் மேனனின் 'சர்வம் தாளமயம்' வந்தபோது, கதாநாயகன் ஜி.வி.பிரகாஷ் உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் பயின்றுவிட்டுத்தான் கேமரா முன் உட்கார்ந்தார். ஐம்பது வருட இடைவெளியில் தொழில்நுட்பம் எவ்வளவோ மாறிவிட்டது. அந்தப் பயம் மட்டும் மாறவில்லை.

தொடர் நாடகங்களில் இந்த அக்கறை கிடையாது என்பது உண்மைதான். கதாநாயகி வீணையை மடியில் வைத்து ஒரு பக்கம் மீட்டுவாள், ஒலி இன்னொரு பக்கம் போகும். தினம் ஓர் அத்தியாயம் எடுக்கிறவர்களுக்கு அவகாசம் இல்லை. ஆனால் அப்போதும் கூடத்தில் யாராவது ஒருவர் சிரித்துவிடுகிறார். தவறு நடக்கிறது, பிடிபடவும் செய்கிறது.

இனி வானலையின் பக்கம். தமிழ்த் திரையில் ஹாம் வானொலி ஏறக்குறைய இல்லை என்றே சொல்லிவிடலாம். நமக்குக் கிடைத்ததெல்லாம் போலீஸ் ஒயர்லெஸ். ஜீப்பில் சாய்ந்துகொண்டு இன்ஸ்பெக்டர் நீளமாகப் பேசி, கடைசியில் 'ஓவர் அண்ட் அவுட்' என்று முடிப்பார். வானொலி நடைமுறையில் 'ஓவர்' என்றால் நான் முடித்துவிட்டேன், நீ பதில் சொல், காத்திருக்கிறேன் என்று பொருள். 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது, 'வாங்க, உட்காருங்க, போய்ட்டு வாங்க' என்பதற்குச் சமம். ஹாலிவுட்டிலிருந்து தொற்றிய இந்தப் பிழை எந்த ஊர்த் திரையிலும் இன்னும் குணமாகவில்லை. இதைக் கேட்டுக் கூடத்தில் யாரும் சிரிப்பதும் இல்லை.

ஹாம் என்பவர் யார் என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தேர்வு எழுதி, அரசு உரிமம் பெற்று, லாபநோக்கம் இல்லாமல் சொந்த நிலையம் வைத்து உலகத்தோடு பேசுகிறவர். மலேசியாவில் தேர்வும் உரிமமும் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் பொறுப்பு. மலேசிய ஹாம்களின் சங்கமான மார்ட்ஸ் 1952-இல் பிறந்தது. ஒவ்வொருவருக்கும் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி உண்டு. தீபகற்ப மலேசியாவில் ஏ வகுப்பு உரிமக்காரருக்கு அது 9எம்2 என்றும், பி வகுப்புக்காரருக்கு 9டபிள்யூ2 என்றும் தொடங்கும். குறியைச் சொல்லாமல் பேசுவது குற்றம். சொன்னதும் எதிரே இருப்பவருக்கு நீ எந்த நாடு என்று தெரிந்துவிடும். பிறகு வருவது சிக்னல் எப்படி இருக்கிறது என்ற அறிக்கை, பெயர், ஊர், ஆன்டெனாவின் வகை, எத்தனை வாட், வெளியே மழையா வெயிலா. முடிக்கும்போது வணக்கத்துக்குப் பதிலாக '73'. பிறகு பேசியதற்குச் சான்றாகத் தபாலில் ஓர் அட்டை போகும், ஓர் அட்டை வரும். அரசியல் பேசுவதில்லை, வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. வெளியிலிருந்து கேட்பவருக்கு இதைவிடச் சலிப்பான பேச்சு உலகத்தில் இருக்காது. சுவை முழுக்க அந்தப் பேச்சு நடந்துவிட்டது என்பதில்தான் இருக்கிறது.

ஹாலிவுட் இதை எடுத்தாண்ட விதம் வேறு. 2000-இல் வந்த 'ஃபிரீக்குவென்சி' படத்தில் 1999-இல் இருக்கும் மகன், 1969-இல் இருக்கும் அப்பாவோடு பழைய ஹாம் பெட்டி வழியாகப் பேசுகிறான். வானத்தில் துருவ ஒளி ஆடியதால் முப்பது வருடம் தாண்டிக் குரல் வந்துவிட்டதாம். 2016-இல் இதையே மகளும் அப்பாவுமாக மாற்றித் தொலைக்காட்சித் தொடராகவும் எடுத்தார்கள். காலம் தாண்டிப் பேசுவதை மன்னித்துவிடலாம், அதை ஒப்புக்கொண்டுதானே டிக்கெட் வாங்கினோம். மன்னிக்க முடியாதது அவர்கள் தொலைபேசியில் பேசுவதுபோல் பேசிக்கொள்வது. ஒருவர் அழ, இன்னொருவர் இடைமறிக்க, இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஹாம் உரையாடலில் பேசும் பொத்தானை அழுத்தியிருப்பவருக்கு எதிராளி பேசுவது கேட்காது. அவர் விட்ட பிறகுதான் இவர் பேச முடியும். இடைமறிக்க வழி இல்லாத அழுகைக் காட்சி எவ்வளவு வலுவாக இருந்திருக்கும்! அப்பா சொல்லக் கூடாததைச் சொல்லிக்கொண்டே போகிறார், மகனால் நிறுத்த முடியவில்லை. இயற்பியல் இலவசமாகக் கொடுத்த நாடகம் இது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

துருவ ஒளியும் அப்படித்தான். அது ஆடும்போது நீண்ட தூரம் போகும் சிற்றலைகள் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுச் செத்துவிடும். அதைவிட உயர்ந்த அலைவரிசைகள் அந்த ஒளித்திரையில் பட்டுத் திரும்பி வருவது உண்டு. ஆனால் திரும்பும் குரல் தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் கரகரத்து, பாதி புரியாமல் இருக்கும். படத்தில் அப்பாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் தெளிவாக இருக்கிறது.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் மூன்றாவது பருவம் 2019-இல் வெளியானது. கதை நடப்பது 1985-இல். டஸ்டின் என்ற சிறுவன் குன்றின் மேல் பெரிய ஆன்டெனா கட்டி, யூட்டா மாநிலத்தில் இருக்கும் சூசி என்ற பெண்ணைக் கூப்பிடுகிறான். முதலில் இந்தத் தொடரைப் பாராட்ட வேண்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல், கூட வந்த நண்பர்கள் அலுத்து ஒவ்வொருவராக இறங்கிப் போய்விடுகிறார்கள். ஹாம் வாழ்க்கையில் மனைவி மக்கள் அறையை விட்டுப் போவது சரியாக இப்படித்தான். ஆனால் சிறுவன் ஒரு தடவைகூட அழைப்புக்குறி சொல்வதில்லை. கடைசி அத்தியாயத்தில் உலகமே அழியப்போகும் நேரத்தில், ஒரு பெட்டகத்தைத் திறக்க பிளாங்க் மாறிலியின் மதிப்பு வேண்டும் என்று சூசியைக் கேட்கிறான். அவள் முதலில் ஒரு பாட்டைச் சேர்ந்து பாட வேண்டும் என்கிறாள். இருவரும் பாடுகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் எந்த வானொலி விதியையும் மீறலாம், அதனால் உதவி கேட்டது குற்றம் இல்லை. பாடியது குற்றம். அமெரிக்க விதிகளிலும் ஹாம் அலைவரிசையில் இசைக்கு இடமில்லை.

அதற்குப் பிறகு அவள் சொல்லும் எண் 6.62607004. இது 2014-ஆம் ஆண்டுக்கான பரிந்துரை மதிப்பு. 1985-இல் பாடப் புத்தகத்தில் இருந்தது 6.626176. உண்மையான சூசியாக இருந்தால் பெட்டகம் திறந்திருக்காது. இந்த ஒன்றை மட்டும் ரசிகர்கள் உடனே பிடித்துவிட்டார்கள், ஏனென்றால் இயற்பியல் படித்தவர்கள் பார்வையாளர்களில் நிறையப் பேர். அழைப்புக்குறி இல்லாததைப் பிடித்தவர்கள் மிகக் குறைவு.

பினாங்கில் இருந்துகொண்டு பார்க்கும்போது திரை தவறவிட்டவற்றில் எனக்கு மிகவும் உறுத்துவது தூரத்தைப் பற்றியது. திரையில் அலை நேராகப் போகும், கிட்டே இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும், எட்ட இருப்பவருக்கு மங்கலாகக் கேட்கும். உண்மையில் அலையின் புத்தி அப்படி இல்லை. கையில் பிடிக்கும் இரண்டு மீட்டர் அலைநீளப் பெட்டியின் அலை பார்வைக்கோட்டில் போகிறது. தீவின் நடுவே 833 மீட்டர் பினாங்கு மலையும் அதன் தொடர்ச்சியும் நிற்கின்றன. டத்தோ கிராமாட் அடுக்குமாடி பால்கனியில் நின்று மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலிக் பூலாவை அந்தப் பெட்டியால் நேராகப் பிடிப்பது கடினம். நடுவில் உயரத்தில், குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வேண்டும். ஆனால் அதே பால்கனியில் நீளக் கம்பி ஒன்றைக் கட்டி இருபது மீட்டர் அலைவரிசைக்குப் போனால், அலை தரையோடு சில பத்து கிலோமீட்டரில் ஓய்ந்துவிடும். மேலே போனது அயனமண்டலத்தில் பட்டு வளைந்து, ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தரை தொடும், திரும்பவும் எழும்பும். இடைப்பட்ட ஊர்களுக்கு எதுவும் விழாது. ஈப்போவில் இருப்பவருக்கு நீங்கள் இல்லை. ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டித் தோக்கியோவில் இருப்பவருக்கு நீங்கள் அறைக்குள் இருக்கிறீர்கள்.

ஒரு நாடக எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? வெள்ளத்தில் அண்ணன் பினாங்கில் மாட்டிக்கொண்டான், தங்கை ஈப்போவில். ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காது. முகம் தெரியாத ஜப்பான்காரர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, தமிழ்ப் பெயர்களை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதி, இங்கிருந்து அங்கே அனுப்புகிறார். இப்படி ஒரு மூன்றாம் நிலையம் நடுவில் நின்று செய்தி கடத்துவது ஹாம்களுக்கு அன்றாடப் பழக்கம், அதற்கென்றே முறைகள் இருக்கின்றன. திரையில் நான் பார்த்ததே இல்லை. நகரத்தின் இரைச்சலையும் சேர்த்துச் சொல்லலாம். பக்கத்து வீட்டு எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், லிஃப்ட் மோட்டார் எல்லாம் சேர்ந்து சிற்றலையில் ஒரு சாம்பல் இரைச்சலைப் பரப்பி வைத்திருக்கும். ஹாம் ஒருவரின் திறமை பேசுவதில் இல்லை, அந்த இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் குரலைப் பொறுக்கி எடுப்பதில் இருக்கிறது. கேமராவால் காதைக் காட்ட முடியாது என்று சொல்லிவிட முடியாது. சிவாஜியின் கழுத்து நரம்பைக் காட்டத் தெரிந்த கேமரா அது.

கண்டுபிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாடகத்தில் கெட்டவன் ஒயர்லெஸ்ஸில் வாயைத் திறந்ததும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி மின்னும், முப்பது விநாடியில் கதவை உடைப்பார்கள். 1942-இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய ரகசிய காங்கிரஸ் வானொலி ஆகஸ்ட் 27-இல் தொடங்கி நவம்பர் 12 வரை, இரண்டரை மாதம், வீடு மாற்றி வீடு மாற்றி ஒலித்தது. பிரிட்டிஷ் அரசிடம் திசை காட்டும் கருவிகளும் இருந்தன, ஆட்களும் இருந்தார்கள். கடைசியில் அகப்பட்டதில் அலையைவிட ஆளின் பங்கு பெரிது. தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் போலீஸிடம் சிக்கி இடத்தைச் சொன்னார். கண்ணன் ஐயர் இயக்கி 2024-இல் ஓடிடியில் வந்த 'ஏ வதன் மேரே வதன்' இந்த வரலாற்றை எடுத்துக்கொண்ட படம். அதிலும் துரத்தலுக்குக் கிடைத்த இடம் காத்திருப்புக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்தால் இன்னொரு வேடிக்கை தெரிகிறது. நாயனக்காரரின் வாழ்வில் போட்டி அபூர்வம். அவர் வேலை முகூர்த்தத்துக்கு வாசிப்பது, சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது, நேரம் காலம் பார்த்து ராகம் எடுப்பது. ஆனால் திரையில் நாயனம் வந்தாலே போட்டிதான். நாட்டியத்தோடு போட்டி, பாட்டோடு போட்டி, கடைசியில் ஒருவர் மயங்கி விழ வேண்டும். ஹாம்களுக்கோ போட்டி நிஜமாகவே இருக்கிறது. ஒவ்வொரு அக்டோபர், நவம்பர் கடைசி வாரயிறுதியிலும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் நாற்பத்தெட்டு மணி நேரம் எத்தனை நாடுகளைப் பிடிக்கிறோம் என்று போட்டி போடுகிறார்கள். தூங்காமல், தொண்டை கட்டி, மனைவியின் சாபத்தோடு நடக்கும் போட்டி. திரை அதை ஒருநாளும் தொட்டதில்லை. ஹாம் வந்தாலே அவர் யாரையாவது காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அயல்கிரகத்தோடு பேச வேண்டும். ஆக, விரலைச் சரியாகக் காட்டிய திரையும் வாழ்க்கையை மாற்றித்தான் காட்டியது. நாயனத்தில் கைத்தொழில் சரி, நோக்கம் பொய். வானலையில் இரண்டுமே பொய்.

மற்றத் துறைகளுக்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. நாடக மருத்துவமனையில் இதயத் துடிப்புக் கோடு நேராகப் போனதும் மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குத்தான் அந்த அதிர்ச்சி. நேர்கோட்டுக்கு நெஞ்சை அழுத்துவதும் மருந்தும்தான் வழி. 1996-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வு, மூன்று அமெரிக்கத் தொடர்களில் நெஞ்சை அழுத்தி மீட்கப்பட்டவர்களை எண்ணிப் பார்த்தது. நூற்றுக்கு 75 பேர் உடனே பிழைத்துக்கொண்டார்கள். நிஜ மருத்துவமனை அதன் பக்கத்தில்கூட வராது. வானொலிப் பிழையால் யாருக்கும் நட்டம் இல்லை, ஆனால் இந்தப் பிழை அவசரப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தின் எதிர்பார்ப்பாக மாறுகிறது. 2020-இல் வந்த 'தி குயின்ஸ் கேம்பிட்' சதுரங்கக் காய்களில் பிழை வராமல் இருக்கக் கேரி காஸ்பரோவையே ஆலோசகராக வைத்துக்கொண்டது. காய்கள் சரியாகவே நகர்ந்தன. ஆனால் ஜார்ஜிய வீராங்கனை நோனா கப்ரிந்தஷ்விலி ஆண்களோடு ஆடியதே இல்லை என்று ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் பல ஆண்களோடு ஆடி வென்றவர். 2021-இல் வழக்குப் போட்டார், மறு வருடம் சமரசமானது. பலகையைப் பார்க்கக் கோடிக் கண்கள் இருந்தன. வரலாற்றைப் பார்க்க அவ்வளவு இல்லை.

ஹாம் ஒருவர் உயிர் காத்த நிஜக் கதை வேண்டும் என்றால் அதுவும் நம் கடலிலேயே இருக்கிறது. 2004 டிசம்பரில், ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் ஒரு குழுவோடு அந்தமான் போயிருந்தார். அங்கே ஹாம் அனுமதி பல ஆண்டுகளாகக் கிடைக்காததால், அந்தமானோடு பேசிவிட்டோம் என்று பதிவு செய்ய உலக ஹாம்கள் வரிசையில் நின்றார்கள். டிசம்பர் 26 காலை ஆறரை மணி அளவில் போர்ட் பிளேர் ஆடியது. பாரதி தன் விளையாட்டு அழைப்புகளை நிறுத்திவிட்டு அவசரச் செய்திக்கு மாறினார். தொலைபேசி அற்றுப்போன தீவுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் நடுவே அந்த நிலையம் வேலை செய்தது. பிறகு கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைத்தார்கள்.

அந்த நாட்களில் காற்றில் போனது என்ன? பெயர்ப் பட்டியல்கள். இன்னார் மகன் இன்னார் பத்திரம், இன்ன முகாமில் இருக்கிறார், இன்ன ஊரில் இருக்கும் இன்னாரிடம் சொல்லவும். ஒவ்வொரு எழுத்தையும் பிரித்துச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லி, சரிபார்த்து, அடுத்த பெயருக்குப் போவது. மணிக்கணக்கில், நாட்கணக்கில் இதுதான். நாடகக்காரர் இதைப் பார்த்தால் முதல் இரண்டு பெயரை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுவார், பின்னணி இசை ஏறும். ஆனால் வெட்டப்பட்ட அந்த இருநூறாவது பெயருக்குத்தான் யாரோ ஒரு வீட்டில் காத்திருந்தார்கள். அந்த நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி அலை டிசம்பர் 26 மதியம் ஒரு மணிக்கு மேல் பினாங்கின் மேற்கு, வடக்குக் கரைகளிலும் ஏறியது. மலேசியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தத் தீவில் இறந்தவர்கள். நிலம் ஆடியதற்கும் நீர் வந்ததற்கும் நடுவே நாலு மணி நேரம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பு ஏதும் கிடையாது. வானொலியைப் பற்றி உருப்படியாக ஒரு நாடகம் எடுக்க நினைக்கும் மலேசியத் தமிழருக்கு அந்த நாலு மணி நேரம் காத்துக் கிடக்கிறது.

என் கணக்குக்கு அடங்காத இரண்டு தொடர்கள் இருப்பதையும் மறைக்கக் கூடாது. 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 2011 முதல் 2021 வரை ஓடியது. அதன் நாயகன் மைக் பாக்ஸ்டர் ஒரு ஹாம். அவன் அறையில் இருந்த பெட்டிகள் வேலை செய்பவை, அழைப்புக்குறி முறையாகச் சொல்லப்பட்டது. பார்வையாளர்களில் ஹாம்கள் பெரும்பான்மை என்பதால் அல்ல. தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜான் அமோடியோ ஹாம் என்பதால். நாயகனாக நடித்த டிம் ஆலனும் பின்னால் தேர்வெழுதி உரிமம் வாங்கினார். அரங்கில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பார்வையாளரின் அறியாமை பெரிதாகப் பாதிப்பதில்லை என்று இதிலிருந்து சொல்லலாம்.

மற்றது அதைவிடப் பழையது. 1961-இல் பிபிசியில் டோனி ஹான்காக் நடித்த 'தி ரேடியோ ஹாம்' என்ற அத்தியாயம். அதில் விதிமீறல்கள் ஏராளம், எந்தச் சங்கமும் பார்த்தால் உரிமத்தைப் பிடுங்கிவிடும். ஆனாலும் எந்தத் தீவிர நாடகத்தையும்விட அது ஹாம்களுக்கு நெருக்கமானது. விலை உயர்ந்த கருவிகளைச் சுவர் முழுக்க அடுக்கி வைத்துக்கொண்டு அந்த மனிதர் தோக்கியோவோடு மழையைப் பற்றிப் பேசுகிறார். திடீரென்று கடலில் மூழ்கும் படகிலிருந்து உதவிக் குரல் வருகிறது. இருக்குமிடத்தை எழுதிக்கொள்ளப் பார்த்தால் பென்சில் முனை உடைகிறது. அப்புறம் ஒன்று மாற்றி ஒன்று தடங்கல். தீவிர நாடகத்துக்கு வெற்றி வேண்டும், அதனால் முதல் அழைப்பிலேயே பதில் வர வேண்டும். நகைச்சுவைக்குத் தடங்கல்தான் தீனி, ஆகவே தடங்கல் நிறைந்த ஒரு பொழுதுபோக்கை அது இயல்பாகவே சரியாகப் பிடித்துவிட்டது. மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சியில் நகைச்சுவை எழுதுகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் ஆன்டெனா கட்ட நிர்வாகக் குழுவிடம் அனுமதி கேட்டு அலையும் ஒரு 9டபிள்யூ2 மனிதரை அவர்கள் கையில் கொடுத்தால், முதல் மூன்று அத்தியாயத்துக்கு அவர் ஒரு பொத்தானைக்கூட அழுத்த வேண்டியிருக்காது.